தண்ணிப் பேர்

ஆவடியிலிருந்து அம்பத்தூர் போகும் ரயிலில், எதிர் இருக்கையில் முதுகுப் பையோடு உட்கார்ந்திருக்கும் சிறுவனைப் பார்த்து சகாயமேரி உதட்டுக்குள்ளேயே, "குக்கரு" என்கிறாள். பையன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறான். அவன் அம்மா கைப்பேசியைப் பார்க்கிறாள். இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக: "டேய் குக்கரு." பையன் திரும்பவில்லை. அண்ணனூர் வந்ததும் தாயும் பிள்ளையும் இறங்கிப் போகிறார்கள். மடியிலிருக்கும் துணிப்பையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டு அவள் என்னிடம் சொல்கிறாள்: "எப்டிக்கா திரும்புவான்? நான்தான் பேரை எத்துகினு வந்துட்டனே."

ஆவடிக்குப் பக்கத்தில், சேக்காட்டில் அவள் வீடு என் வீட்டுக்கு எதிர்வீடு. முறைக்கு எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரர் கிறிஸ்துராஜும் அண்ணன் தம்பி பிள்ளைகள். கிறிஸ்துராஜ் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவது அவள் பிழைப்பு. அம்பத்தூரிலும் திருமுல்லைவாயிலிலும் மாடி மாடியாக எழும்பி நிற்கும் குடியிருப்புகளில், ஊரை விட்டு வந்து குடித்தனம் பண்ணுகிற பிள்ளைகளுக்கு முதல் குழந்தை பிறந்தால் யாராவது யாரையாவது கேட்டு இவளைப் பிடித்துவிடுவார்கள். குழந்தைக்குக் கழுத்து நிற்கும்வரை இவள் வேண்டும். கழுத்து நின்றதும் தாயே குளிப்பாட்டிக்கொள்வாள். இவள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

துணிப்பைக்குள் ஒரு பழைய நூல்புடவை, ஒரு பித்தளைச் சொம்பு. அந்த வீடுகளில் வாளி உண்டு, மக் உண்டு, குழந்தையை உட்கார வைக்க வாத்து மாதிரி தொட்டிகூட உண்டு. இருந்தாலும் தன் சொம்பில் மொண்டு ஊற்றினால்தான் அவளுக்குக் கை வரும். கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்த சொம்பு. வயிற்றுப் பக்கத்தில் 'சகாயமேரி' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. ஃபிளாட்டுகளில் அவள் ஆயாம்மா. வாட்ச்மேன்களுக்குக் குளிப்பாட்டுற அம்மா. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எதிரூட்டு ஆயா. நான் ஒருத்திதான் சகாயம் என்கிறேன்.

வேலையைப் பார்க்க வேண்டும். புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு மனையில் உட்காருவாள். கால்களை நீட்டுவாள். இரண்டு கால்களுக்கும் நடுவே குழந்தை ஒரு பள்ளத்தில் கிடப்பதுபோலக் கிடக்கும். உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துச் சூடு பறக்க வைத்துத்தான் உடம்பில் தொடுவாள். மூக்கை உருவுவது, வாயால் ஊதுவது எல்லாம் முன்பு இருந்தது. "டாக்டரு வேணான்ட்டாரு. நானும் உட்டுட்டேன். நம்ம மூக்கே சப்பையாத்தான் கீது, நாம போய் இன்னொருத்தன் மூக்கை இன்னா நிமித்தறது?" என்பாள். எண்ணெய் தேய்க்கும்போது பேசுவாள். பேச்சு நின்றால் கை நின்றுவிடும். பேச வேண்டுமென்றால் கூப்பிட ஒரு பெயர் வேண்டும்.

அங்கேதான் சங்கடம். இவள் போகும்போது எந்தக் குழந்தைக்கும் பெயர் இருப்பதில்லை.

எங்கள் காலத்தில் பெயர் தேடியதாக எனக்கு நினைவில்லை. பெயர் முன்னாலேயே வந்து காத்திருக்கும், பிள்ளை அதில் வந்து பிறக்கும். என் மாமனார் அந்தோணி; அவர் அப்பா சூசை; ஆகவே என் பெரிய கொழுந்தன் சூசை; அவன் மகன் அந்தோணி. ஒரே தெருவில் நான்கு அந்தோணி இருந்தால் நெட்டை, குட்டை, சைக்கிள், ரயில்வே என்று பிரித்துக்கொள்வோம். இப்போது அப்படி இல்லை. புருஷன் ஒரு பெயர் எழுதுவான், பெண்சாதி அடிப்பாள். நட்சத்திரத்துக்கு எழுத்து ஒத்துவர வேண்டும். கூட்டினால் எண் சரியாக வர வேண்டும். அந்தக் குடியிருப்பிலேயே வேறு பிள்ளைக்கு அந்தப் பெயர் இருக்கக் கூடாது. நாளைக்கு அமெரிக்காவுக்குப் போனால் அங்கே இருப்பவன் வாயிலும் நுழைய வேண்டும். "திங்கக்கெழம ஒரு பேரு, வெசாயக்கெழம ஒரு பேரு," என்பாள் சகாயமேரி. "புள்ள எந்தப் பேருக்குன்னு திரும்பும்? பாவம், முழிக்குது."

அதனால் அவளே ஒரு பெயர் வைத்துக்கொள்வாள். முதல் நாள் அந்த வீட்டில் எது கண்ணில் படுகிறதோ, எது காதில் விழுகிறதோ அதுதான். எண்ணெயை எடுக்கும்போது விசில் அடித்ததால் குக்கரு. மணி அடித்து ஒருத்தன் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனதால் கொரியரு. ஏசிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்ததால் புறா. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு அலறியடித்து வந்து சேர்ந்த அன்று குளிப்பாட்டிய பெண் குழந்தைக்கு லிஃப்ட்டு. மனிதர் பெயர் மட்டும் வைக்க மாட்டாள். "நெசப் பேரு பெத்தவங்களுது. நம்முது தண்ணிப் பேரு. தண்ணி ஊத்தற வரிக்கும்தான்."

நிஜப் பெயர் வைக்கும் நாளன்று காலையில் தண்ணிப் பேரைத் திருப்பி எடுத்துக்கொள்வாள். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கடைசிச் சொம்புத் தண்ணீரைக் குழந்தையின் தலையை மூன்று சுற்று சுற்றுவாள். குனிந்து காதில், "வேலை முடிஞ்சிது நைனா. பேரைக் குடுத்துரு" என்பாள். சுற்றிய தண்ணீரை அப்படியே தண்ணீர் போகும் ஓட்டையில் ஊற்றிவிடுவாள். பெயர் போயிற்று.

"எதுக்குடி எடுக்கணும்? கெடந்துட்டுப் போகட்டுமே," என்று நான் கேட்டிருக்கிறேன்.

"ரெண்டு பேரு ஒரு ஒடம்புல இருந்தா புள்ள ரெண்டு பக்கம் இழுபடும்கா."

"நம்ம ஜனத்துல யாருக்குடி ஒரே பேரு? கோயில்ல ஒன்னு, வீட்டுல ஒன்னு. என் சின்னக் கொழுந்தனுக்கு மூணு. எவன் இழுபட்டான்?"

"அது ஒறவு வச்ச பேரு," என்றாள். "நான் யாரு?"



உறவாக நின்று பெயர் வைக்க வேண்டிய இடத்தில் அவளால் வைக்க முடியாமல் போன கதை எனக்குத் தெரியும். வேப்பம்பட்டில் அவள் கூடப்பிறந்த அண்ணன் ஜோஸ் இருக்கிறான். அவனுக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்து ஒரு பெண் பிறந்தது. அத்தைக்காரிதான் ஞானத்தாய், அத்தைதான் கோயிலில் குழந்தையை ஏந்திப் பெயர் சொல்லுவாள் என்று அவள் புதுப்புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள். அண்ணி ஹெலினாவுக்கு அது பிடிக்கவில்லை. ஊர்ப்பிள்ளைகளின் மூத்திரத்தைக் கழுவுகிற கை என்று யாரிடமோ சொல்லியிருக்கிறாள். ஞானஸ்நானம் சொல்லாமலே நடந்து முடிந்தது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குத்தான் அண்ணன் ஒரு படம் அனுப்பினான். கேக் இருந்தது, கேக்கின்மேல் இங்கிலீஷில் எழுத்து இருந்தது. அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கீழ்வீட்டு ஆட்டோ பாபுதான் வாங்கிப் பார்த்து, "ஜாஸ்லின்னு போட்டுக்கீது" என்றான்.

"நல்ல பேரு," என்றாள் சகாயமேரி. கைப்பேசியைப் புடவையில் துடைத்துவிட்டு வைத்துக்கொண்டாள்.

அம்பத்தூரில் நான்காவது மாடியில் இருந்த பிள்ளையின் கதை அதற்கப்புறம் நடந்தது.

பிள்ளையின் அப்பா ஜெர்வின் தூத்துக்குடிக்காரன், கிறிஸ்தவன். அம்மா எழிலரசி விழுப்புரம், இந்து. இருவரும் ஒரே கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. தாங்களாகப் பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம். கல்யாணத்தைக்கூட இரண்டு வீடும் பொறுத்துக்கொண்டன. பெயரைப் பொறுக்கவில்லை. தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர்தான், சூசை என்றுதான் வைக்க வேண்டும் என்று தூத்துக்குடியில் அவன் அப்பா. முதல் பேரன் குலசாமிக்கு நேர்ந்தது, முத்தையன்தான் என்று விழுப்புரத்தில் அவள் அப்பா. பிரசவத்துக்கு வந்திருந்த எழிலரசியின் அம்மா கோமளா, பெயர்ப் பேச்சு எழுந்ததும் மருந்துப் பொடி டப்பாக்களை அடுக்கி வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். அதன்பிறகு அந்த வீட்டுப் படியை எந்தப் பக்கத்துச் சொந்தமும் மிதிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'எழிலரசியின் ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது.

சகாயமேரி போன முதல் நாள் மேல்மாடியில் யாரோ தரைக்கல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். தட்டுகிற சத்தத்துக்குக் குழந்தை புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கூரையையே பார்த்ததாம். ஒரு கை மார்பின்மேல் மடிந்திருந்ததாம்.

"இன்னா மேஸ்திரி, மேலயே பாக்கறே? பூச்சு சரியில்லியா? ஆளுங்க ஏமாத்தறானுங்களா?" என்றாள் இவள்.

குளியலறை வாசலில் வீங்கிய கண்ணோடு நின்றிருந்த எழிலரசி சிரித்துவிட்டாள். பிள்ளை பெற்றதற்கு அப்புறம் அவள் சிரித்தது அன்றைக்குத்தான் என்று பிற்பாடு ஜெர்வின் சொன்னானாம்.

மற்ற வீடுகளில் தண்ணிப் பேர் குளியலறைக்குள்ளேயே கிடக்கும். இந்த வீட்டில் வெளியே வந்துவிட்டது. நிஜப் பெயர் முடிவாகாமல் நாள் போகப் போக, கூப்பிட வேறு பெயர் இல்லாததால், பெற்றவர்களும் மேஸ்திரி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கழுத்து நின்றது. கவிழ்ந்தது. தவழப் பார்த்தது. மற்ற வீடாக இருந்தால் இவளை எப்போதோ நிறுத்தியிருப்பார்கள். இங்கே, "நீங்க வராட்டி இந்த வீட்டுக்கு வேற யாரு வரா?" என்று எழிலரசி நிறுத்தவில்லை.

ஒரு நாள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் வீட்டுக்குள் வந்தாள். செருப்பைக் கழற்ற மறந்திருந்தாள்.

"யக்கா, லிஃப்ட்டுலேந்து எறங்கறேன், உள்ள அவங்கப்பன் கூப்டறான், மேஸ்திரி, மேஸ்திரின்னு. கதவு சாத்திக்கீது. நான் வெளில நிக்கறேன். நான் வச்ச பேரை, நான் இல்லாதப்போ ஒருத்தன் கூப்டறான்கா. அதுக்கு அது 'ஊ'ங்குது."

"செருப்பைக் கழட்டுடி," என்றேன்.

"ஊங்குதுக்கா."

"ஊங்கட்டும். ஆசைய வளத்துக்காதே. நாளைக்கே அவங்க ஜனம் வந்து நின்னா நீ யாரோ, அவங்க யாரோ."

"எனக்குத் தெரியாதா?" என்றாள். ஆனாலும் அன்று தண்ணீர் கொடுத்தபோது சிரித்துக்கொண்டே குடித்தாள்.

மாசி மாதத்தில் அவர்கள் ஜனம் வந்தது. கடைசியில் பெற்றவர்களே துணிந்து நிவின் என்று ஒரு பெயரை முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு வீட்டு வம்சத்திலும் இல்லாத பெயர். இரண்டு தாத்தாக்களும் சமமாகத் தோற்றதால் இரண்டு பேருக்கும் சம்மதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே பெயர் வைப்பது என்று ஏற்பாடு. காலையில் வந்து கடைசியாகக் குளிப்பாட்டிக் கொடுக்கும்படி எழிலரசி சொல்லியிருந்தாள்.

முந்தைய நாள் சகாயமேரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "யக்கா, நாளைக்கு நீயும் வா."

"என்னை எங்கடி அங்க கூப்பிட்டாங்க?"

"எல்லாருக்கும் அவங்கவங்க ஜனம் வருது. எனக்கு நீ வா."

போனேன். குக்கரு என்று அவள் கூப்பிட்டுப் பார்த்தது அந்த ரயிலில்தான்.

வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. இவ்வளவு மாதம் எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் அன்றைக்குச் சோபாவிலும் தரையிலும் அடைந்து கிடந்தது. கோமளா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். குழந்தை கை மாறிக் கை மாறி அழுதுகொண்டிருந்தது. புதுமுகங்கள், புது வாசனை. அழாமல் என்ன செய்யும்? "நிவின், இங்க பாரு, நிவின் குட்டி!" என்று ஆளுக்கொரு பக்கம் கை தட்டினார்கள். அது யாரையோ கூப்பிடுவதுபோல் குழந்தை பாட்டுக்கு அழுதது.

எழிலரசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "மேஸ்திரி, என்னடா ஆச்சு?" என்றாள்.

அழுகை நின்றது. குழந்தை தலையைத் திருப்பி, புருவத்தைச் சுருக்கிப் பார்த்தது. 

"என்னாடி பேரு இது?" என்றாள் கோமளா.

"கொத்தனாரா, லே?" என்று தூத்துக்குடித் தாத்தா சிரித்தார். "நல்லதாப் போச்சு. நமக்கு வீடு கட்ட ஆள் தேட வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கோமளா சிரிக்கவில்லை. "சாமி பேரு வைக்கக் கூடாதாம், கலவை போடுறவன் பேரு வைக்கலாமாம். யாரு வச்சது?"

 எல்லோர் பார்வையும் ஒரு பக்கமாகப் போனது. குளியலறைக் கதவோரம் துணிப்பையோடு நின்ற சகாயமேரி, பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிற பிள்ளைபோல நின்றாள்.

"நீதானாம்மா?" கோமளா குரலைத் தணித்துக்கொண்டாள். கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். பேரனைப் பார்க்காத மாதங்களின் கோபம் எங்காவது இறங்க வேண்டியிருந்தது. "வச்ச பேரை நீயே திரும்ப எடுத்துப்பியாமே. மாப்பிள்ளை சொன்னாரு. நல்லா சுத்தமா எடுத்துட்டுப் போயிடு. அரைகுறையா விட்டுட்டுப் போவாதே. நாளைலேருந்து நான் குளிப்பாட்டிக்கிறேன்."

"எத்துகினு போறம்மா," என்றாள் சகாயமேரி. "என் பொருளை நான் உட்டுட்டா போவேன்?"

எழிலரசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் அம்மா வெகுநாள் கழித்து வந்திருக்கிறாள். குழந்தையை நீட்டினாள்.

நான் துண்டை ஏந்திக்கொண்டு குளியலறை வாசலில் நின்றேன். சகாயமேரி மனையைப் போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்தாள். மேஸ்திரிக்கு இப்போது அந்தப் பள்ளம் போதவில்லை. அவன் கால்கள் அவள் வயிற்றில் முட்டின. எண்ணெய் தேய்த்தாள். பயத்தமாவு தேய்த்தாள். சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றினாள். அன்றைக்குப் பேசவில்லை. பேசாமல் அவள் கை ஓடியதை நான் அன்றுதான் பார்த்தேன். குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சு எங்கே என்று தேடியதோ என்னவோ, ஈரக்கையால் அவள் வாயைத் தட்டியது.

கடைசிச் சொம்பை மொண்டாள். தலையை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. குனிந்து காதருகே வாயைக் கொண்டுபோனாள். நான் அந்தச் சொற்களுக்காகக் காத்திருந்தேன். உதடு அசையவில்லை. ஈரத்தலையில் மூக்கை வைத்து ஒரு தடவை மூச்சை இழுத்தாள். அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கி என் துண்டில் போட்டாள்.

"ஆச்சா?" என்று கூடத்திலிருந்து கோமளா கேட்டாள்.

"ஆச்சும்மா," என்றாள்.

சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. அதை ஓட்டைப் பக்கம் கொண்டுபோகவில்லை. குழாய்க்குக் கீழே, மூலையில், தளும்பாமல் வைத்தாள். மனையைச் சுவரில் சாத்தினாள். நூல்புடவையைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை வந்தவள் திரும்பிப் பார்த்தாள். சொம்பில் பெயர் வெட்டிய பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. திரும்பப் போய், குனிந்து, அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி மெல்லத் திருப்பி வைத்தாள்.